இருபத்திரண்டாம் அறை, காலை ஆறு மணி

6 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

திண்டுக்கல்லிலிருந்து ரயிலில் வந்து, மதுரை ஸ்டேஷனிலிருந்து நடந்தேன். ஒன்பது நிமிடம். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் கற்பக நிவாஸ் அதே இடத்தில்தான் இருக்கிறது. அப்போது இரண்டு மாடி, இப்போது மூன்று. பெயர்ப் பலகையில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கீழே செல்போன் கவர் கடையும் ஒரு ஜூஸ் கடையும் வந்துவிட்டன.

கவுன்ட்டரில் இருந்தவர் பெயர் கதிரேசன், நாற்பது வயதிருக்கும். பழைய மேனேஜர் தெய்வநாயகத்தின் மருமகன். மூன்றாவது மாடியில் ஏசி அறை இருக்கிறது, லிஃப்ட்டும் உண்டு என்றார். எனக்குப் பதினேழாம் எண் வேண்டும் என்றேன்.

"பதினேழு ரோட்டப் பாத்த ரூமு சார். ஆடி மாசம். எதுத்தாப்புல கோயில் ரேடியோ விடியக்காலையே ஆரம்பிச்சிரும். வயசானவங்க தூங்க முடியாது."

ஜன்னல் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஆதார் நகல் கொடுத்த பிறகும் பெரிய ரிஜிஸ்டரில் எழுதச் சொல்கிறார்கள். பெயர்: ச. அருளானந்தம். வயது 71. எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் ‘மருத்துவப் பரிசோதனை’ என்று எழுதினேன். பொய் இல்லை. நாளையும் மறுநாளும் இதயப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மகனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு நோக்கம் வியாழக்கிழமை மாலை இருபத்திரண்டாம் எண் அறைக்கு வரும். கோவில்பட்டிக்காரர். பெயர் செண்பகவல்லி, வயது நாற்பத்தொன்பது. அவருடைய கணவர் என்ன ஆனார் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை. நான்கு நாள் முன்னதாக வந்திருக்கிறேன்.

7 ஆகஸ்ட், திங்கள்

அறை: இரும்புக் கட்டில், ரெக்சின் மெத்தை, பச்சை பிளாஸ்டிக் வாளி, காதுடைந்த மக், மூன்றில் நின்றுபோன ரெகுலேட்டர். ஜன்னலைத் திறந்தால் வீதி முழுக்க உள்ளே வருகிறது. கட்டிலைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அன்று ஜன்னலுக்குக் கீழே கிடந்தது.

காலை ஆறு மணிக்கு விழித்தேன். நடைபாதையின் கடைசியிலிருந்து ரப்பர்ச் செருப்பு நடந்து வந்தது. என் கதவைத் தாண்டியது, படியில் இறங்கியது. கீழே கவுன்ட்டர் கண்ணாடிமேல் சாவி வைக்கும் சத்தம். பல் விளக்கிவிட்டுப் போய் யார் காலி செய்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் காலி பண்ணலயே சார். ஆறு மணிக்கு நானே இங்கதான் காபி குடிச்சிட்டு இருந்தேன்."

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ நாளைக்கு.

நடைபாதையின் கடைசிக்கு நான் இன்னும் போகவில்லை. தண்ணீர் கேன் அங்கேதான் இருக்கிறது. கீழே போய் பாட்டில் வாங்கிக்கொள்கிறேன்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

இதயம் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறதாம். மகனுக்குப் போன் செய்தேன், அப்படியானால் இன்றே கிளம்பி வாருங்கள் என்றான். வியாழக்கிழமை இன்னொரு டெஸ்ட் என்றேன். இது பொய்.

இன்றும் ஆறு மணி.

9 ஆகஸ்ட், புதன்

மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கதிரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டைத் தட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன், தெரியாதவன்போல. அவர் விவரமாகச் சொன்னார். ஒரு அம்மா வருடா வருடம் ஆகஸ்ட் பத்து சாயங்காலம் வருவார். அன்று அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்க மாமா விடமாட்டார். பதினொன்றாம் தேதி சரியாகக் காலை ஆறு மணிக்கு அறையைப் பூட்டிச் சாவியைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு வெளியே போவார். புருஷன் அப்படித்தான் போனாராம். ஒரு வருடம் ஸ்டேஷன் பக்கம், ஒரு வருடம் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு வருடம் கோயில் பக்கம். நடந்து பார்த்துவிட்டு மதியம் திரும்புவார். மறுநாள் ஊருக்குப் போய்விடுவார்.

"ஓடிப்போனவன் சார். கைக்குழந்தையோட விட்டுட்டுப் போயிருக்கான். இந்தம்மா என்னடான்னா இன்னும் அவன் செருப்புத்தடம் தேடுது. எங்க மாமாகிட்டயும் சொல்லிட்டேன், இதுக்கெல்லாம் எடங்குடுத்து வளக்காதீங்கன்னு. அவரு அந்தம்மாவக் கண்டா எந்திரிச்சு நிப்பாரு. வேற யாருக்கும் எந்திரிக்க மாட்டாரு."

தெய்வநாயகம் எழுந்து நின்றதன் காரணம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மே மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எனக்குப் போன் செய்தார். "என்னால முடியல. நீங்க சொல்லிருங்க" என்றார். எட்டாம் நாள் இறந்தார். இப்போது ஒருவன் மட்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு வாய் குழறினால் இதைப் பார்த்தாவது சொல்லலாம்.

1998 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. இந்த லாட்ஜுக்கு இரண்டு பேர் தனித்தனியாக வந்தார்கள். பதினேழாம் எண்ணில் ஜெயசீலன், விருதுநகர், பருப்பு வியாபாரி. இருபத்திரண்டில் ஆவுடையப்பன், வயது 31, கோவில்பட்டி, ரேடியோ ரிப்பேர்க் கடை. ஆடி மாதம், ஒலிபெருக்கி. தூங்க முடியவில்லை என்று ஜெயசீலன் கீழே வந்து சண்டை போட்டார். அங்கே நின்றிருந்த ஆவுடையப்பன், என் அறை பின்பக்கம்தான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருவரும் சாவியை மாற்றிக்கொண்டார்கள்.

ரிஜிஸ்டரில் மாற்றவில்லை. அந்தக் காலத்தில் எந்த லாட்ஜிலும் மாற்ற மாட்டார்கள். தினமும் ரிஜிஸ்டர் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வரும். அடித்துத் திருத்திய வரி ஒன்று இருந்தால் ஆயிரம் கேள்வி. அதனால் ஆளை மாற்றுவார்கள், சாவியை மாற்றுவார்கள், எழுத்தில் கை வைக்க மாட்டார்கள். எல்லா நிருபர்களுக்கும் இது தெரியும். அப்போது மதுரையில் நிருபராக இருந்த எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெயசீலன் இருபத்திரண்டின் சாவியைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போடி பஸ்ஸுக்குப் போனார். தூக்கக் கலக்கத்தில் இருந்த தெய்வநாயகம் சாவியைப் பார்த்து, இருபத்திரண்டுக்கு நேராக ‘6.00, காலி’ என்று எழுதினார். அந்த வரியில் இருந்த பெயர் ஆவுடையப்பன்.

பிற்பகல் மூன்று மணி வரை பதினேழு திறக்கவில்லை. கதவை உடைத்தார்கள். நான் நாலு மணிக்குப் போனேன். பெயர் என்ன என்று கேட்டேன். தெய்வநாயகம் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். ஜெயசீலன், விருதுநகர். குறித்துக்கொண்டேன். அறைக்குள் இருந்ததையும் குறித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: ‘நீலக் கட்டம் போட்ட கைலி. ரெக்சின் பை. ஸ்க்ரூ டிரைவர் 2. சால்டரிங் அயர்ன் 1, கைப்பிடியில் கறுப்பு டேப்.’ பருப்பு வியாபாரியின் பையில் சால்டரிங் அயர்ன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. விஷப் பாட்டில் இல்லை, கடிதம் இல்லை. இருந்தும் ‘தற்கொலை’ என்று எழுதினேன். லாட்ஜில் தனியாகச் செத்தால் அப்படித்தான் எழுதுவது. ஆறரை மணிக்குச் செய்தி போயாக வேண்டும்.

புதன்கிழமை மதியம் ஜெயசீலன் பத்துப் பேருடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்களாம். அறை மாற்றிக்கொண்ட கதையை என்னிடம் கத்தியே சொன்னார். நான் உயிரோடு இருப்பதை ஸ்டேஷனில் வேறு போய்ச் சொல்லணுமா என்று கேட்டுவிட்டு, போலீசுக்குப் போகாமலே ஊருக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வருத்தம் வெளியிட்டோம்.

புதன் இரவே தெய்வநாயகம் என் வீட்டுக்கு வந்தார். போலீசிடம் வேறொரு கதை சொல்லிவிட்டார்: ஜெயசீலன் விடியற்காலையே போய்விட்டார், பிறகு வந்து பதினேழில் தங்கியவர் ரிஜிஸ்டரில் எழுதும் முன்பே இறந்துவிட்டார், பெயர் தெரியாது. இப்போது உண்மையைச் சொன்னால் பொய் சொன்னதற்கும் சேர்த்து உதைப்பார்கள், லைசென்ஸும் போய்விடும் என்று அழுதார். எனக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. பெயரை யாரிடம் கேட்டு எழுதினாய் என்று அலுவலகம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வைக்க நான் விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பிரேதப் பரிசோதனை முடிவு தெரிந்தது. மாரடைப்பு. தூக்கத்தில். அதையும் நான் செய்தியாக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அடையாளம் தெரியாதவர் என்று புதைத்தார்கள்.

ஆகஸ்ட் 29 அன்று கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவளுடைய கொழுந்தனும் லாட்ஜுக்கு வந்து கேட்டார்கள். தெய்வநாயகம் ரிஜிஸ்டரைக் காட்டினார். ஆவுடையப்பன், இருபத்திரண்டு, காலை ஆறு மணிக்குக் காலி. அவர்கள் கோவில்பட்டி போய்க் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு காகிதம், கோவில்பட்டியில் ஒரு காகிதம். இரண்டும் இன்றுவரை சந்தித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு தபால் அட்டை எழுதியிருக்கலாம். முகவரி என் நோட்டில் இருந்தது.

10 ஆகஸ்ட், வியாழன்

மாலை ஐந்து நாற்பதுக்கு வந்தார். நான் கவுன்ட்டர் பக்கத்து நாற்காலியில் பேப்பரை வைத்துக்கொண்டிருந்தேன். மெலிந்த உருவம், அரக்குச் சேலை, நெற்றியில் அகலமான குங்குமம். கையில் துணிக்கடைப் பைகள். கதிரேசனைப் பார்த்ததும் முதலில் தெய்வநாயகத்தின் இறப்புக்குத் துக்கம் கேட்டார். நல்ல மனுசன், எனக்குச் சொல்லிவிட்டிருந்தால் வந்திருப்பேனே என்றார்.

பிறகு பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை எடுத்தார். மகளுக்கு ஆவணி மூன்றாம் தேதி கல்யாணம். சாத்தூர் மாப்பிள்ளை. கதிரேசனுக்கு ஒன்று கொடுத்தார். மேசைமேல் இன்னொன்றை வைத்தார்.

"இது அவுகளுக்கு. ஒருவேள இந்தப் பக்கம் வந்தாகன்னா குடுத்துருங்க. கல்யாணத்துக்கு மட்டுமாச்சும் வந்துட்டுப் போகட்டும். ஏன் போனீகன்னு நான் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க."

கதிரேசன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பத்திரிகையை மேசை டிராயரில் போட்டார். அந்த அம்மா மேலே போன பிறகு நான் அதை வாங்கிப் படித்தேன். ‘கோவில்பட்டி திரு. ஆவுடையப்பன் – திருமதி செண்பகவல்லி ஆகியோரின் ஏக புதல்வி செல்வி கோமதி’ என்று அடித்திருந்தது. பெயருக்கு முன்னால் அமரர் இல்லை.

ஏழு மணிக்கு நடைபாதையின் கடைசி வரை போனேன். கதவு திறந்திருந்தது. அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, தண்ணியா ஐயா, இந்தக் கேன் காலி, படிப்பக்கத்துல இருக்கு என்றார். எந்த ஊர், என்ன விஷயமாக என்று விசாரித்தார். திண்டுக்கல், ஆஸ்பத்திரி என்றேன். உடம்பப் பாத்துக்கோங்க என்றார்.

பத்து நிமிட வேலை. அரை நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட், வெள்ளி

ஐந்தே முக்காலுக்கே உடுத்திக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆறுக்கு இருபத்திரண்டின் கதவு சாத்தப்பட்டது. செருப்பு நடந்து வந்தது, என் கதவைத் தாண்டியது, படி இறங்கியது. சாவி வைக்கும் சத்தம். நான் நான்கு நாளாகக் கேட்ட சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கதவைத் திறந்து பின்னால் போனேன்.

வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வடக்கே திரும்பினார். வேகமில்லாத நடை. திறந்திருந்த ஒவ்வொரு டீக்கடையிலும் உள்ளே பார்த்தார். பிளாட்பாரத்தில் போர்த்திப் படுத்திருந்தவர்களின் பாதங்களைப் பார்த்தார். பாதத்தைத்தான் பார்த்தார், முகத்தை இல்லை. முகம் இத்தனை வருடத்தில் மாறியிருக்கும் என்று நினைத்திருக்கலாம். வடக்கு வெளிவீதி வந்து, சிம்மக்கல் தாண்டி, யானைக்கல்லில் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றார். முப்பத்தைந்து நிமிடம். ஒரு பூக்காரப் பெண்ணிடம் போட்டோவை நீட்டினார். அவள் பார்க்காமலே தலையாட்டினாள்.

நான் பக்கத்தில் போனேன்.

"அம்மா, அவரு இந்த வழியாப் போகல."

திரும்பி என்னை அடையாளம் கண்டார். "தண்ணிக்கு வந்த ஐயாவா? அப்ப எந்த வழியாப் போனாக?"

"எந்த வழியாவும் போகல."

அங்கேயே, பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று சொன்னேன். நேற்று முன்தினம் எழுதிய வரிசையிலேயே சொன்னேன். ஒலிபெருக்கி, சாவி, ரிஜிஸ்டர், கதவு உடைத்தது. என் பெயர், என் பத்திரிகை, நான் எழுதிய செய்தி. எதையும் விடவில்லை. பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு இடத்தில் சத்தம் அடங்கக் காத்திருந்து தொடர்ந்தேன். அறையைக் கேட்டதும் விட்டுக்கொடுத்தார் என்று சொன்ன இடத்தில் மட்டும் குறுக்கிட்டார்.

"அவுக அப்படித்தான்."

பையில் இருந்தவற்றைச் சொன்னேன். சால்டரிங் அயர்ன் என்றதும், கைப்பிடியில என்ன என்று கேட்டார். கறுப்பு டேப் என்றேன்.

"நாந்தான் சுத்தினேன். கை சுடுதுன்னாக."

ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் இல்லை. ஆகாயத்தாமரையும் நான்கு எருமைகளும். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் விரலை மடக்கி எதையோ எண்ணுவதுபோல இருந்தது. பிறகு கேட்டார்.

"அப்ப எங்கள விட்டுட்டுப் போகல."

"இல்ல."

"தூக்கத்துலயா?"

"தூக்கத்துல."

"இருவத்தஞ்சு வருசமா அவுகளத் திட்டியிருக்கேன். எம் மக அவுகப்பன் பேரச் சொல்ல மாட்டா. பத்திரிகையில போடாதம்மான்னு சண்ட. அவுக என்னடான்னா மூணாம் நாளே மண்ணுக்குள்ள."

எட்டாம் நாள் என்று திருத்த வாய் எடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். பூக்காரப் பெண்ணிடம் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கினார். தலையில் வைக்கலாமா என்று யோசிப்பவர்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வைத்துக்கொண்டார்.

"ஒம்பது நாள்ல கல்யாணம். இப்ப இது தெரிஞ்சா எம் பொண்ணு தாலித் தட்ட நான் தொடக் கூடாதும்பாக. சம்மந்தி வீட்ல தேதியத் தள்ளுவாக. ஓடிப்போனவன் பொண்ணுன்னு ஏழு எடம் தட்டிப்போயி வந்த சம்மந்தம்." குரல் உயரவே இல்லை. "இருவத்தஞ்சு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தீகள்ல? இன்னும் ஒம்பது நாளு மூடுங்க."

சரி என்றேன்.

"நீங்க கல்யாணத்துக்கு வரணும். எங் கண்ணுக்கு முன்னால உக்காந்திருக்கணும். அதுக்கப்பறம் எப்பச் சொல்லணும்னு நாஞ் சொல்லுவேன்."

லாட்ஜுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். டீக்கடைகளுக்குள் பார்க்கவில்லை. மேலே போகும் முன் கவுன்ட்டரில் நின்று, டிராயரில் இருந்த பத்திரிகையைத் திரும்பக் கேட்டார். ஏன் என்றார் கதிரேசன். ஆள் தெரிஞ்சுபோச்சு, நேர்லயே குடுத்துக்கிடுதேன் என்று சொல்லி வாங்கி, அதை என்னிடம் நீட்டினார்.

உறையின்மேல் எழுதியிருந்த பெயரை அவர் அடிக்கவில்லை.

12 ஆகஸ்ட், சனி

ஆறு மணிக்கு விழிக்கவில்லை. ஏழரை வரை தூங்கினேன். இருபத்திரண்டு பூட்டிக் கிடந்தது. முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாராம்.

கதிரேசன் சொன்னார்: "இந்தத் தடவ அந்தம்மா அடுத்த வருசத்துக்கு ரூம் சொல்லிட்டுப் போகல சார். வயசாகுதுல்ல."

16 ஆகஸ்ட், புதன், திண்டுக்கல்

பத்திரிகையை மகன் பார்த்துவிட்டான். உறையில் வேறு யாரோ பெயர் இருக்கிறதே, யார் இந்த ஆவுடையப்பன் என்றான். மதுரையில் தெரிந்தவர், வர முடியாது, எனக்குக் கொடுத்தார்கள் என்றேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் பொய் இல்லை. நான் செய்தி எழுதியதும் இப்படித்தான்.

இங்கேயும் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஆறு மணிக்கு இல்லை. நேரம் காலம் இல்லாமல், நாளுக்கு ஒரு தடவை.

நானும் செத்துப்போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். இப்போது செண்பகவல்லிக்குத் தெரியும். அந்த அளவுக்குப் பரவாயில்லை.

20 ஆகஸ்ட், ஞாயிறு, கோவில்பட்டி

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நடுத்தர மண்டபம். எட்டு மணிக்கே போய்விட்டேன். வாசல் பேனரில் பெண்ணும் மாப்பிள்ளையும். மூலையில் வட்டத்துக்குள் ஆவுடையப்பன் படம். மீசை வைத்த இளைஞன். பெண்ணின் அண்ணன் போல இருந்தார். நான் பார்த்த முகத்தோடு ஒப்பிட்டேன். அன்று நான் முகத்தைக் கவனித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைலியின் நிறம் எழுதியிருக்கிறேன், முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செண்பகவல்லி என்னைக் கண்டதும் நேராக வந்தார். பச்சைப் பட்டு, தலைநிறையப் பூ. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார வைத்து, பக்கத்தில் இருந்த பெரியவரிடம், இவுக எங்க வீட்டுக்காரவுகளுக்கு மதுரையில பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. பெயர் குருசாமி. பேச்சுக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாத்தூர் வெள்ளரிக்காயிலிருந்து ஆரம்பித்து, அரை மணி நேரம் கழித்துக் கேட்க வந்ததைக் கேட்டார்.

"நீங்க கடைசியா எப்பய்யா பாத்தீக, பொண்ணோட தகப்பன?"

"தொண்ணூத்தெட்டுல. ஒரே தடவ."

"எப்படி இருந்தாரு?"

"தூங்கிட்டு இருந்தாரு."

குருசாமி சிரித்தார். "அது சரி. குடும்பத்த விட்டுட்டுப் போனவனுக்கு நல்லாத்தான் தூக்கம் வரும்."

நான் என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மேடையிலிருந்து செண்பகவல்லி இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாக்கியம் ஒன்றுக்காகத்தான் என்னை இங்கே உட்கார வைத்தாரோ என்று தோன்றியது. அவர் இருபத்தைந்து வருடமாகக் கேட்டது இதைத்தான். நான் ஒரு தடவை கேட்டேன்.

பெண்ணின் சித்தப்பா தாரை வார்த்தார். புரோகிதர் கோத்திரம் சொல்லி, ஆவுடையப்பன் புத்திரி என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் மணப்பெண் கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். தாலித் தட்டு முதலில் தாயிடம் போனது. அவர் தொட்டார். தட்டு வரிசை வரிசையாக வந்து என்னிடமும் வந்தது. தொடாமல் பக்கத்துக்கு நகர்த்தினேன். குருசாமி, தொடுங்கய்யா என்று என் கையைப் பிடித்து வைத்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். எதையும் குறை சொல்ல முடியாது. முழுதும் சாப்பிட முடியவில்லை.

கிளம்பும்போது செண்பகவல்லி தாம்பூலப் பையோடு வாசல் வரை வந்தார். சுற்றிலும் ஆட்கள். பையைக் கொடுக்கும் சாக்கில் குனிந்து சொன்னார்.

"செவ்வாக்கெழம பொண்ண சாத்தூர்ல விட்டுட்டு வந்துருவேன். புதன்கெழம வீட்ல நான் மட்டுந்தான். பத்து மணிக்கு வாங்க. அன்னைக்கு ஆத்தங்கரையில நீங்க சொன்னதுல பாதி என் காதுல ஏறல. கல்யாணம் கெட்டுருமோன்னே நின்னுட்டு இருந்தேன்."

"உங்க பொண்ணுகிட்ட..."

"அவகிட்ட நாஞ் சொல்லிக்கிடுதேன். அது எங்க வேல."

ஆறாவது தெரு, மாவு மில்லுக்கு எதிர் வீடு. ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜில் மூன்று நாளைக்கு அறை எடுத்திருக்கிறேன். எந்த எண் வேண்டும் என்று கேட்டார்கள். எதுவானாலும் சரி என்றேன்.

23 ஆகஸ்ட், புதன்

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. வாசலில் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. உள்ளே இரண்டு நாற்காலி எதிரெதிராகப் போட்டிருந்தது. செண்பகவல்லி குளித்து, தலை ஈரமாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. தண்ணீர் வைத்திருந்தார்.

"மொதல்லருந்து சொல்லுங்க" என்றார்.

லாட்ஜ் வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியதிலிருந்து ஆரம்பித்தேன். படி எத்தனை என்று கேட்டார், பதினெட்டு என்றேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். ஜன்னல் திறந்திருந்ததா, ஃபேன் ஓடியதா. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். போலீஸ்காரர்தான் நிறுத்தினார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முகத்தைப் பற்றிக் கேட்டபோது, கவனிக்கவில்லை என்று சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஏற்றுக்கொண்டார்.

"எப்படிப் படுத்திருந்தாக?"

"ஒருக்களிச்சு. சுவரப் பாத்த மாதிரி. ஒரு கைய நீட்டி வச்சிருந்தாரு, உள்ளங்கை மேல பாக்க."

"எந்தக் கை?"

"வலது கை."

"பாப்பா அதுலதான் தல வச்சுத் தூங்கும்" என்றார் செண்பகவல்லி.

அதன் பிறகுதான் அழுதார். சத்தம் தெரு வரை போயிருக்கும். எதிர் மில்லில் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு பெண்கள் ஓடி வந்து, அவரைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார்கள். அழுகைக்கு நடுவே செண்பகவல்லி என்னைப் பார்த்து, சொல்லுங்க என்றார்.

நான் எழுந்து நின்று, யார் இறந்தார், எந்த ஊரில், எந்தத் தேதியில், எப்படி என்று சொன்னேன்.